குறுக்குக் கேள்வி

"எதிர்ப்பக்கம் பேசப்போறது உங்க அக்கான்னு எனக்குச் சத்தியமாத் தெரியாது சார். வேணும்னா ஆளை மாத்திடறேன்" என்றார் பேராசிரியர், கையைப் பிசைந்தபடி.

தம்பி அரங்கத்தின் மறுகோடியைப் பார்த்தான். நரைத்த தலையும் தடித்த ஃபைலுமாக உட்கார்ந்து, மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள் அக்கா.

"வேண்டாம் சார். அவங்களே பேசட்டும்."

கூடப் பிறந்தவளை யாரோ மாதிரி 'அவங்க' என்கிறானே! பேராசிரியருக்குச் சுருக்கென்றது.

விஷயத்தை ஆபீஸ் கிளார்க்தான் அவர் காதில் போட்டிருந்தார். அவர்களுடைய அப்பா அணுமின் நிலையத்தில் முப்பது வருஷம் வேலை பார்த்தவர். ரத்தப் புற்றுநோயில் போய்ச் சேர்ந்தார். "அந்த நிலையம்தான் அப்பாவைத் தின்னுடுச்சு" என்றான் தம்பி. அதே நிலையத்தில் பாதுகாப்புப் பிரிவில் இருந்த அக்கா, "கதிர்வீச்சு அளவெல்லாம் நானே பார்த்தேன்டா. அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை" என்றாள்.

"உனக்கு அப்பாவைவிட வேலை பெருசாப் போச்சு" என்று சொல்லிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பியவன்தான். காற்றாலைக் கம்பெனி ஒன்றில் இன்ஜினியராகச் சேர்ந்தான். ஆறு வருஷமாக இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

இப்போது ஒரே மேடையில். தலைப்பு: 'நாளைய மின்சாரம் அணுவிலிருந்தா, காற்றிலும் வெயிலிலும் இருந்தா?'

அக்கா எழுந்தாள். எடுத்த எடுப்பிலேயே அடி.

"ஆபரேஷன் நடந்துட்டிருக்கு. காத்து நின்னுபோச்சு. டாக்டர் கத்தியைக் கீழ வச்சிட்டு, காற்றாலையை வாயால ஊதிச் சுத்த வைப்பாரா?"

மாணவர்கள் மேஜையைத் தட்டிச் சிரித்தார்கள்.

"பேட்டரின்னு ஒண்ணு வந்து எத்தனையோ நாளாச்சு" என்றான் தம்பி. "இன்னைக்கு வீசற காத்தை நாளைக்கு எடுத்து வச்சுக்கலாம். ஆனா உங்க அணுக்கழிவை எங்க வைப்பீங்க? பேரன் பேத்தி தலையிலயா?"

"எங்க கழிவு எந்தக் கட்டடத்துல எத்தனை கிலோ இருக்குன்னு எங்ககிட்ட கணக்கு இருக்கு. கழட்டிப் போட்ட உங்க காற்றாலை இறக்கையெல்லாம் எங்க கிடக்குன்னு உங்களுக்குத் தெரியுமா?"

கைதட்டல் பறந்தது. தம்பியின் முகம் இறுகியது.

அடுத்தது குறுக்குக் கேள்வி நேரம். ஒருவர் கேட்க வேண்டும், மற்றவர் பதில் சொல்ல வேண்டும். முதலில் அக்கா.

"உங்க டவர் எவ்வளவு உயரம்?"

"எண்பது மீட்டர்."

"நீங்களே ஏறுவீங்களா, ஆள் ஏறுவாங்களா?"

"மாசத்துல அஞ்சாறு தடவை நானே ஏறுவேன்."

"இடுப்புல மாட்டற பாதுகாப்புக் கொக்கி ஒண்ணா, ரெண்டா?"

"ரெண்டு."

"மழையில?"

"மழையில ஏற மாட்டோம்."

"மேல போனா எத்தனை மணி நேரம் ஆகும்? சாப்பாடு?"

"நாலஞ்சு மணி நேரம். கீழ இறங்கினப்புறம்தான் சாப்பாடு."

"அவ்வளவு நேரம் குனிஞ்சு வேலை பார்த்தா முதுகு என்னத்துக்கு ஆகும்?"

"பழகிடுச்சு."

விபத்துக் கணக்கில் கொண்டுபோய் அவனைச் சிக்கவைக்கப் பார்க்கிறாள் என்று முன்வரிசையில் முணுமுணுத்தார்கள். பேராசிரியர் மணியை அடித்தார். "மேடம், தலைப்புக்குள்ள பேசுங்க."

தம்பியின் முறை வந்தது.

"நீங்க நிலையத்துக்குள்ள போகும்போது சட்டையில கதிர்வீச்சு அளக்கற பேட்ஜ் மாட்டுவீங்க இல்லையா? போன வருஷம் அதுல உங்க அளவு என்ன?"

"அனுமதிச்சதுல பத்துல ஒரு பங்குகூட இல்லை."

"ரத்தப் பரிசோதனை செய்யறாங்களா?"

"செய்யறாங்க."

"கடைசியா எப்போ?"

"போன மாசம்."

அவர்கள் அப்பா கதை பாதிப் பேருக்கு எட்டியிருந்தது. இவன் இப்போது அதை எடுக்கப் போகிறான், அக்கா தொலைந்தாள் என்று எல்லோரும் நாற்காலி நுனிக்கு வந்தார்கள்.

"என்ன சொன்னாங்க?"

"எல்லாம் சரியா இருக்குன்னாங்க."

"எல்லாமா?"

"எல்லாம்."

தம்பி தலையை ஆட்டினான். "எனக்கு வேற கேள்வி இல்லை" என்று உட்கார்ந்துவிட்டான்.

'நாட்டுக்கு இரண்டுமே வேண்டும்' என்று வழவழா கொழகொழா தீர்ப்பு ஒன்றைச் சொல்லிப் பேராசிரியர் கூட்டத்தை முடித்தார். முடித்த கையோடு தம்பியைப் பிடித்தார்.

"கைக்கு வந்ததை விட்டுட்டீங்களே சார்! இன்னும் ரெண்டு கேள்வி கேட்டிருந்தா ஜெயிச்சிருப்பீங்க."

"போதும் சார். தெரியவேண்டியது தெரிஞ்சிடுச்சு."

படியிறங்கும்போது ஒரு கணம் நின்றான். திரும்பிப் பார்ப்பான் போலிருந்தது. பார்க்கவில்லை. அவன் கார் கேட்டைத் தாண்டிப் போன பிறகும், அக்கா வாசலிலிருந்து கண்ணை எடுக்காமல் நின்றிருந்தாள்.

பேராசிரியருக்கு மனசு ஆறவில்லை. நேரே அவளிடம் போனார்.

"தப்பா நினைச்சுக்காதீங்க மேடம். அணுவா காத்தான்னு பேசத்தான் உங்களைக் கூப்பிட்டோம். நீங்க என்னடான்னா கொக்கி, சாப்பாடு, முதுகுன்னு அவரைக் கூண்டுல ஏத்தி நிக்க வச்சிட்டீங்க. ஆயிரம் சண்டை இருந்தாலும் கூடப் பிறந்தவர். இதையெல்லாமா சபையில கேட்பாங்க?"

"வேற எங்க சார் போய்க் கேக்கறது?" என்றாள் அக்கா. "போன் பண்ணினா எடுக்க மாட்டேங்கறானே."