பேனலில் இரண்டு கண்கள்

அலுவலகக் கணினிகளைப் பராமரிக்கும் நிறைமதி, மேலாளர் வேதமூர்த்தியின் லினக்ஸ் கணினித் திரையின் அடியில் ஓடும் பேனல் பட்டையைத் திறந்து, கடிகாரத்தை ஓரம் தள்ளிவிட்டு இரண்டு கண்களைப் பொருத்தினாள். மவுஸ் அம்பு போகுமிடமெல்லாம் கூடவே உருளும் சாதாரண விட்ஜெட், ஒரு விளையாட்டு நிரல்தான். படத்தை மட்டும் மாற்றியிருந்தாள். ஆண்டுவிழாப் புகைப்படத்திலிருந்து வெட்டியெடுத்த அவருடைய கண்கள். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னாலிருந்து நாள் முழுக்க அவள்மேல் மேய்ந்த அதே கண்கள். அவள் கொடுத்த புகாரை நிர்வாகம் விசாரித்தபோது, "நான் பாக்கவே இல்லீங்க, எல்லாம் அந்தப் பொண்ணோட பிரமை" என்று சிரித்துத் தள்ளியவர் அவர்.

மத்தியானம் கூப்பிட்டார். முகம் வியர்த்திருந்தது.

"கீழ ரெண்டு கண்ணு, என்னையே பாக்குதும்மா. எடுத்துடு."

நிறைமதி குனிந்து திரையை நிதானமாகப் பார்த்தாள்.

"ஒண்ணும் இல்லையே சார். எல்லாம் உங்க பிரமை."