மூன்றாவது மஞ்சள் விளக்கு

முதல் மஞ்சள் விளக்கு எரிந்தது.

கண்ணாடிக்கடைக்காரர் ஹெல்மெட்டுக்குள்ளிருந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஊரில் பாதிப் பேருக்குக் கண் பார்த்துக் கண்ணாடி போட்டுக் கொடுத்தவர் அவர். தன் கண்ணெதிரே எரிகிற விளக்கைப் பார்த்துக் காலை அழுத்தத்தான் வராது.

பக்கத்துத் தடத்தில் மச்சானின் ரேஸ் கார் உறுமிக்கொண்டிருந்தது. மச்சான் என்றால் மனைவியின் கூடப்பிறந்த அண்ணன்.

டிராக் ரேஸில் வளைவு கிடையாது, சுற்று கிடையாது. கால் மைல் நேர் ரோடு, அவ்வளவுதான். மூன்று மஞ்சள் வரிசையாக எரியும், பிறகு பச்சை. பச்சை எரிந்ததும் எவ்வளவு சீக்கிரம் நகர்கிறோம் என்பதிலேயே பாதி ரேஸ் முடிந்துவிடும். பச்சைக்கு முன்னால் நகர்ந்தாலோ சிவப்பு எரியும், மொத்த ரேஸும் முடிந்துவிடும்.

நம்மவருக்கு ஒருநாளும் சிவப்பு எரிந்ததில்லை. அதற்கு அவசரம் என்ற ஒன்று வேண்டுமே. பச்சை எரியும், எரிந்துகொண்டே இருக்கும், அப்புறம்தான் இவர் கால் ‘என்னையா கூப்பிட்டீர்கள்?’ என்று எழுந்து வரும். போன ரேஸின் நேரச் சீட்டில், பச்சை எரிந்த பிறகு இவர் கிளம்ப எடுத்தது 0.61 விநாடி. அதற்கு முந்தையதும் கிட்டத்தட்ட அதே லட்சணம்தான்.

வண்டியைக் குறை சொல்ல முடியாது. இன்ஜின் மனைவியின் கைவேலை. பட்டறை வைத்திருப்பவள், இரண்டு வருஷம் உட்கார்ந்து போல்ட் போல்ட்டாகக் கட்டியிருந்தாள். அவளே ஓட்டியிருக்கலாம். வேகமாகப் போனால் அவளுக்கு வாந்தி வந்துவிடும். அதனால் அந்த இன்ஜினை வீணடிக்கும் பொறுப்பு கணவரிடம் வந்து சேர்ந்தது.

போன மாதம் சாப்பாட்டு மேசையில்தான் வினை ஆரம்பித்தது.

“மாப்ளே, அடுத்த ரேஸ்லயும் தோத்தீங்கன்னா வண்டிய எங்கிட்ட குடுத்துடுங்க. ஓட்டத் தெரிஞ்சவன் கையிலயாவது இருக்கட்டும்” என்றார் மச்சான், வாயெல்லாம் பல்லாக.

ரோஷம் மட்டும் இவருக்குத் தாமதமாக வருவதே இல்லை. சரி என்று சொல்லிவிட்டார். மனைவியின் கையிலிருந்த கரண்டி அந்தரத்தில் நின்றது.

அன்று சாயங்காலமே அவள் ஒரு பலகையில் மூன்று மஞ்சள் பல்பும் ஒரு பச்சை பல்பும் பொருத்தினாள். பழைய பெடல் ஒன்றை ஒயர் போட்டு இணைத்து, கணவரின் நாற்காலிக்கு முன்னால் தரையில் முடுக்கினாள். நேரம் காட்டும் மீட்டர் பலகைக்குப் பின்னால், அவள் பக்கம் இருக்கிறதாம். எண்ணைப் பார்த்தால் இவர் பதறிவிடுவாராம். பச்சைக்காகக் காத்திருக்கக் கூடாது, மூன்றாவது மஞ்சளிலேயே அழுத்திவிட வேண்டும், வண்டி நகர்வதற்குள் பச்சை வந்துவிடும் என்று பாடம் சொன்னாள்.

தினமும் கடையை மூடிவிட்டு வந்து அழுத்தினார். அவள் பலகைக்குப் பின்னாலிருந்து எண்ணைச் சொல்வாள். முதல் நாள் 0.61. அடுத்த வாரம் 0.45. அதற்கடுத்து 0.2. மனுஷனின் நடையே மாறிப்போனது. கடைக்கு வந்தவர்களிடம் கண் சோதனை அட்டையில் உள்ள எழுத்துகளைக் கொஞ்சம் வேகமாகப் படிக்கச் சொன்னார்.

போன ஞாயிற்றுக்கிழமை மச்சான் சாப்பிட வந்தபோது பயிற்சி நடந்துகொண்டிருந்தது. மச்சான் கதவருகிலேயே நின்று பார்த்தார். இவர் அழுத்தினார். மனைவி கொட்டாவி விட்டபடி 0.04 என்றாள்.

அன்று மச்சான் சரியாகவே சாப்பிடவில்லை.

இரண்டாவது மஞ்சள் எரிந்தது.

வண்டி கைவிட்டுப் போனால் அவள் முகத்தில் எப்படி விழிப்பது? போவது வெறும் வண்டி அல்ல, அவளுடைய இரண்டு வருஷம்.

மூன்றாவது மஞ்சள் எரிந்தது.

மச்சானின் வண்டி பாய்ந்தது.

இவர் ‘ஐயோ’ என்று நினைத்தார். நினைத்து முடித்தார். பிறகு மிதித்தார்.

புறப்படும் கோட்டைத் தாண்டும்போதுதான் கவனித்தார், மச்சானின் பக்கத்தில் சிவப்பு எரிந்துகொண்டிருந்தது. பத்து வருஷத்தில் ஒருமுறைகூடச் சிவப்பு வாங்காத மனுஷர், இன்று பச்சைக்கு முன்னாலேயே கிளம்பிவிட்டார்.

ஜெயித்தவரை ஆளுக்கு ஆள் கட்டிப்பிடித்தார்கள். மனைவி வண்டியின் மூக்கைத் தடவிக்கொடுத்தாள். அதைப் பார்த்ததும் அவருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

நேரச் சீட்டைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். இவர் கிளம்ப எடுத்துக்கொண்ட நேரம் 0.61.

அங்கிருக்கும் கருவிதான் பழுது என்று வீடு வந்து சேரும்வரை சொல்லிக்கொண்டே வந்தார். மனைவி ஒவ்வொரு தடவையும் தலையாட்டினாள். வீட்டு மீட்டர் எத்தனை துல்லியம் என்று காட்டுவதற்காக, அவள் கை கழுவப் போன நேரத்தில் பலகையைத் திருப்பினார்.

பின்னால் மீட்டரே இல்லை. பெடலிலிருந்து வந்த ஒயர் பாதியிலேயே முடிந்திருந்தது.

ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. அவள் கையெழுத்தில், ஒரு மாதம் முழுவதற்கும் நாள் வாரியாக எண்கள். கடைசிக்குச் சற்று முன்னால் ஒரு வரியில் மட்டும் அடிக்கோடு: ‘ஞாயிறு. அண்ணன் உள்ளே வந்ததும் 0.04.’

அதற்குக் கீழே அடுத்த ரேஸுக்கான, இனிமேல் வரப்போகும் பயிற்சித் தேதிகளும் ஆரம்பித்திருந்தன. முதல் எண் 0.03.

குழாய்ச் சத்தம் நின்றது.

“ஏங்க, இன்னிக்கு பிராக்டிஸ் வேணாமா?”

அவள் அறைக்குள் வந்தபோது பலகை பழையபடி திரும்பியிருந்தது. கணவர் நாற்காலியில் உட்கார்ந்து, பெடலில் காலை வைத்துக்கொண்டு தயாராக இருந்தார்.