கூண்டுக் குப்பை

"கொட்டு" என்றார் சபேசன்.

மலர்க்கொடி பையைத் தலைகீழாகப் பிடித்தாள். கேட்டருகே சிமெண்ட் தரையில் ஈரமான மரத்தூள் பொத்தென்று விழுந்தது. அதற்குள்ளிருந்து சுண்டுவிரல் பருமனில் மரக்குச்சிகள் சடசடவென்று உருண்டன.

சபேசன் குனிந்து ஒன்றை எடுத்தார். நகத்தால் அழுத்தினார். உதிரவில்லை.

"இது என்ன?"

"குப்பைங்க சார். கினிபிக் கூண்டுல வாரினது."

"குப்பையா?" தோட்டத்துக் குழாயடியில் தண்ணீரோடு இருந்த மக்கில் குச்சியைப் போட்டார். "தூளை மெஷின்ல அழுத்திச் செய்யற குச்சி மலரு இது. அதுங்க மூத்திரம் பட்டா ஊதி உதிர்ந்துடும். பாத்துக்கிட்டே இரு."

மக்கில் குச்சி பருத்தது. மேல்தோல் வெடித்தது. சற்று நேரத்தில் தண்ணீர் முழுக்கத் தூள்.

"நனைஞ்சது இப்படி ஆயிடும். உன் பையில முழுசா பாதிக்குப் பாதி இருக்கு. நனையாத குச்சி குப்பைக்கு எப்படி வரும்? சாக்குலேர்ந்து வந்தாத்தான் உண்டு."

"சாமி சத்தியமா சாக்கை நான் தொட்டதில்லீங்க சார். வாளியில இருந்ததத்தான் அள்ளிக்கிட்டேன்."

"குப்பையைத் தெருமுனைத் தொட்டியில போடாம எதுக்கு உங்க ஊரு கிள்ளைக்கு பஸ்ல ஏத்திக்கிட்டுப் போற?"

மலர்க்கொடி பையை மடித்தாள்.

"இந்த மாதிரி குச்சி போட்டு எரிக்கற அடுப்பு வச்சிருக்கேங்க. அடுப்ப வித்துட்டுப் போனவன் ஒரு வருஷமா குச்சி எடுத்தாரதே இல்ல. இத வூட்டுல சலிச்சுப் பாத்தா நல்லதா கொஞ்சம் கெடைக்குது. ஒரு வேள சோறு பொங்கிடும். மழையில முள்ளு வெறகு எரிய மாட்டேங்குதுங்க. ஒரே பொகை."

"கேட்டிருந்தா குடுத்திருக்க மாட்டேனா?"

"கேட்டு வாங்கிப் பழக்கம் இல்லீங்க சார்."

சபேசன் முப்பது வருஷம் ஓர் ஆய்வுக்கூடத்தில் பிராணிகளைப் பார்த்துக்கொண்டவர். கூடத்தை மூடியபோது மிஞ்சிய, முயல்குட்டி அளவிலான நாலு கினிபிக்கையும் அண்ணாமலை நகர் வீட்டுக்கே தூக்கிவந்துவிட்டார். கூண்டில் முதலில் உமிதான் பரப்பினார். உமி குத்தி ஒன்றுக்குக் கண் போயிற்று. அதற்குப் பிறகுதான் கடலூரிலிருந்து இந்தக் குச்சி. இரண்டு மாதம் வரவேண்டிய போன சாக்கு ஐந்தாவது வாரமே தீர்ந்துவிட்டது.

"எனக்குக் குச்சி பெரிசில்ல" என்றார். "இது தீந்துபோனா மறுபடி உமிதான் போடணும். ஒத்தக்கண்ணனுக்கு மிச்சமிருக்கற கண்ணும் போவணுமா?"

மலர்க்கொடி சிதறிய தூளைக் காலால் ஓரமாக ஒதுக்கினாள்.

"நாளையிலேர்ந்து வேலைக்கு வர வேணாம்."

அவளுக்கு அதே வரிசையில் மூன்று வீடு. இந்த வீட்டில் கைசுத்தம் இல்லை என்று பேர் வந்தால் மற்ற இரண்டு கதவும் சாத்திக்கொள்ளும். பக்கத்து வீட்டு ஜன்னல் அதற்குள் திறந்திருந்தது.

உள்ளேயிருந்து அவர் மனைவி அகிலாண்டம் ஈரக்கையோடு வந்தாள்.

"எலிக் கக்கூசுக்கு ஒரு பஞ்சாயத்தா? தெருவே வேடிக்கை பாக்குது."

"எலி இல்ல அகிலா."

"எந்தக் கருமமோ. அவ வரலைன்னா அந்த மூத்திரத் தட்டை யாரு தேய்க்கறது? நீங்களா? நான் தொடமாட்டேன், இப்பவே சொல்லிட்டேன்."

"அதுக்காகத் திருடறவள வச்சுக்கச் சொல்றியா?"

"சாக்கை வெராந்தால தொறந்து போட்டது யாரு? ஸ்டோர் ரூம்ல தூக்கி வைங்க. பூட்டி சாவிய நான் இடுப்புல சொருகிக்கறேன். கூண்டுக்கு நானே அளந்து போடறேன். என்னத் தாண்டி ஒரு குச்சி வெளிய போவட்டும், பாப்போம்."

சபேசன் யோசித்தார்.

"கடலூர் போனா ரெண்டு சாக்கா வாங்கியாங்க. ஒத்த சாக்குக்கு ஒரு தரம் பஸ் ஏறி எறங்கிட்டு, ராவெல்லாம் முட்டி வலிக்குதுன்னு என் உசுர எடுக்கறீங்க." அப்படியே மலர்க்கொடி பக்கம் திரும்பினாள். "ஏண்டி, ரோஷக்காரி! தீவாளிக்குக் குடுத்த பொடவைய வேணாம்னு மடிச்சி வச்சிட்டுப் போனவதான நீ? இன்னிக்கு குப்பைக்குக் கைகட்டி நிக்கற. இனிமே சாக்குப் பக்கம் எட்டிப்பாத்த, காலை ஒடைச்சிடுவேன். வாளி உண்டு, நீ உண்டு. தெரியுதா?"

"சரிங்கம்மா."

ஜன்னல் சாத்திக்கொண்டது.

மலர்க்கொடி உட்கார்ந்து தூளை மட்டும் பையில் அள்ளினாள். முழுக் குச்சிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிச் சபேசனின் காலருகே குவித்து வைத்தாள். கேட்டைச் சாத்திக்கொண்டு போனாள்.

"வாயில்லா ஜீவன் வயித்துல அடிக்கலாமா?" என்றார் சபேசன்.

அகிலாண்டம் சாக்கின் ஒரு முனையைப் பிடித்தாள்.

மறுநாள் காலை அவர் பின்பக்கம் உட்கார்ந்து அருகம்புல் கிள்ளிக்கொண்டிருந்தார். ஒற்றைக்கண்ணன் மடியில் இருந்தது. வாசல் கேட் கிறீச்சிட்டது.

"மலரா? மொதல்ல தட்டைக் கழுவுடி. குப்பை வாளிய அப்புறம் வந்து எடுத்துக்கலாம்" என்று உள்ளிருந்தே கத்தினாள் அகிலாண்டம். "நாத்தம் கொடலைப் புடுங்குது."

ஸ்டோர் ரூமைத் திறந்தாள். சாக்கிலிருந்து இரண்டு படி குச்சியை மொண்டு குப்பை வாளியில் கொட்டினாள். பிறகு கூண்டிலிருந்து வாரி வைத்திருந்த ஈரத்தூளை இரண்டு கையாலும் அள்ளி, குச்சி வெளியே தெரியாதபடி மேலே பரப்பினாள்.