ஜென்ம விரோதி

நவம்பர் வெயில் புதர்வேலியின் மேல் மஞ்சளாக வழிகிறது. வேலியோரத்து ஹைட்ரேஞ்சியாவைச் சுற்றிக் கம்பிவலை கட்டிவிட்டு, டோர்த்தே இடுப்பில் கைவைத்து நிற்கிறாள். போன குளிர்காலப் பனியில் மொட்டெல்லாம் கருகி, கோடை முழுக்க வெறும் இலையைக் காட்டிய செடி அது. இன்றிரவு உறைபனி என்கிறது வானொலி. குளிர் தாக்காமல் வலைக்குள் திணிக்கச் சருகு வேண்டும். தோட்டமோ துடைத்துவிட்டாற்போல் கிடக்கிறது. "உங்க ஓக் மரம் என் தோட்டத்தைக் குப்பைமேடு ஆக்குது" என்று வருஷா வருஷம் அவள் போட்ட சண்டைக்குப் பயந்து, பக்கத்து வீட்டு பிரேபென் இந்தத் தடவை ஒரு சருகு விடாமல் வாரிக்கொண்டு போய்விட்டார். வேலிக்கு அப்பால் அவருடைய கம்பளித் தொப்பியும் ஒரு மூட்டையின் முனையும் தெரிகின்றன.

"பிரேபென், அந்த மூட்டையில என்ன?"

"உங்க ஜென்ம விரோதிதான்."

"கொஞ்சம் இங்க கொட்டுங்களேன்."

தொப்பி சிரிப்பில் குலுங்குகிறது. வேலிக்கு மேலாக மூட்டை கவிழ்கிறது. சருகுகள் மொரமொரவென்று வலைக்குள்ளும் அவள் தலைமேலும் கொட்டுகின்றன.

"அடுத்த வருஷம் வாரட்டுமா, வேண்டாமா?"

டோர்த்தே தலையில் ஒட்டிய சருகை எடுத்துச் செடிக்கடியில் செருகுகிறாள்.

"இன்னும் பாதிகூட நிரம்பல. அவ்வளவு பெரிய மரத்துக்கு இவ்வளவுதான் இலையா?"