முதலில் கிடைக்கும் பெயர்

அழித்தான்.

கம்ப்யூட்டர் மாதக்கணக்கில் தனக்குள் சேர்த்து வைத்திருந்த பழைய கோப்புகள் எல்லாவற்றையும். திங்கட்கிழமையே செய்திருக்க வேண்டியது. இன்று வியாழன்.

ப்ரோகிராமின் துண்டுகளையெல்லாம் ஒன்றாகக் கட்டும் பில்டை மறுபடி ஓட்டினான்.

முதல் மாட்யூல் பச்சை. இரண்டாவது பச்சை. மூன்றாவதும்.

நான்காவதில் நின்றது.

சிவப்பு. அப்படி ஒரு மெத்தட் இல்லை என்றது. ஆபீஸின் பொது சர்வர் மூன்று நாட்களாகச் சொல்லிக்கொண்டிருக்கும் அதே வாக்கியம்.

மூன்று நாட்களாக அவனும் ஒரே வாக்கியத்தைத்தான் சொல்லி வந்தான். என் மெஷினில் ஓடுகிறது.

ப்ரோகிராமில் கடைசியாகப் புதுக் கோடு சேர்த்தவள் யோவானா. அதனால் எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். இரண்டு நாட்களாக அவள் தன் மாட்யூலைப் பிரித்துப் பிரித்துத் தேடுகிறாள். ப்ரொபேஷன் முடிய இன்னும் ஒரு மாதம். இன்று ஒரு மணிக்கு நடக்கும் மீட்டிங்கில் அவளைப் பற்றித்தான் பேச்சு.

மணி பன்னிரண்டரை.

தேடியதில் கிடைத்தது: ஒரே பெயரில் இரண்டு கோடுத் துண்டுகள், இரண்டு கிளாஸ். ஒன்று புதிய லைப்ரரியில், ஒன்று பழையதில். வரிசையில் எது முன்னால் நிற்கிறதோ அதைத்தான் ஜாவா எடுத்துக்கொள்ளும். பின்னால் நிற்பதை எட்டிக்கூடப் பார்க்காது. யோவானாவின் கோடு முதன்முதலாகக் கேட்ட மெத்தட் புதியதில் மட்டும்தான் இருந்தது.

பழையதை உள்ளே கொண்டுவந்தது ஒரே ஒரு வரி. தற்காலிகம் என்று பக்கத்தில் குறிப்பு வேறு. அந்த வரிக்கு முன்பு கட்டியதையே அவன் மெஷின் எடுத்து எடுத்து ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறது.

வரியை எழுதியவர் யார் என்று பார்த்தான். பார்க்காமலே தெரியும்.

மாசிலாமணி. இரண்டு வாரங்களுக்கு முன்பு.

அது அப்பாவின் பெயர்.

பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயருக்கு ஒரு கட்டம் இருந்தது. இன்ஷியலை விரித்து அதில் எழுதினார்கள். ஹாம்பர்க்கில் இறங்கிய நாளிலிருந்து அவன் மாசிலாமணி. பஸ் டிப்போவில் இருபத்தெட்டு வருஷம் வண்டிக்கு அடியில் படுத்திருந்த அப்பாவுக்கு அதில் பெருமை தாங்கவில்லை. ஜெர்மனியில் தன்னைத் தினமும் கூப்பிடுகிறார்கள் என்று டீக்கடையில் சொல்கிறாராம்.

போன் பேசுவதற்கான கண்ணாடி அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினான். முதலில் யாரிடமாவது சொல்லிப் பார்க்க வேண்டும். குடும்ப க்ரூப்பைத் திறந்து, பேசுவதை எழுத்தாக்கும் மைக்கை அழுத்திப் பேசினான்.

"பில்டு உடைஞ்சது என்னாலதாம்மா. வெளிய சொல்ல வெட்கமா இருக்கு."

வாசிக்காமல் அனுப்பினான். பிறகுதான் வாசித்தான்.

பல்லு உடைஞ்சது என்னாலதாம்மா.

அம்மா உடனே எழுதினாள்: யாரு பல்லுடா?

அக்கா எழுதினாள்: வெள்ளக்காரன் பல்லா? போயி ஆறு மாசங்கூட ஆகல.

சிரிப்பு வந்து பாதியில் நின்றது. இல்லை, பில்டு, என்று அடிக்கப் போனான். அதற்குள் அப்பாவின் குரல் வந்து விழுந்தது. அப்பா எழுத மாட்டார்.

"யாரு பல்லா இருந்தாலும் சரிப்பா. நேர்ல போயி நின்னு தப்புன்னு சொல்லிரு. அங்க என் பேரைச் சொல்லித்தானே உன்னைக் கூப்புடுறாங்க."

இரண்டாம் முறை கேட்கவில்லை.

யோவானாவின் மேஜையில் ரொட்டி பிரிக்காமல் கிடந்தது. தலையைத் தூக்கி, எப்போதும் போலப் பாதிப் பெயரில் கூப்பிட்டாள். மாசில்?

அது தன் அப்பாவின் பெயர் என்றான். தன் பெயர் தென்னரசு என்றான்.

அவளுக்குப் புரியவில்லை. உதவி செய்ய வந்திருக்கிறான் என்று நினைத்து நாற்காலியை நகர்த்தி இடம் கொடுத்தாள்.

அவன் உட்காரவில்லை. நின்றபடியே அவளுடைய திரையில் அந்த வரியைத் திறந்தான்.

அதன் பக்கத்தில் இருந்த பெயரைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு, இது நான், என்றான்.