ஏழாம் தளத்தில் ஒரு சிகரெட்

உல்லாசக் கப்பலில் அது நான்காவது நாள். சுற்றிலும் தண்ணீர்தான். அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கத்தின் செயலாளருக்கு, நாலு நாளாக யாரையும் கண்டிக்க வழியில்லாமல் வாய் நமநமத்தது.

"இந்தக் கப்பல்ல உருப்படியா ஒரு பொழுதுபோக்கு உண்டா?" என்று அவர் மனைவியிடம் பொருமிய நேரம், பக்கத்து நாற்காலிக்காரர் சிகரெட்டைப் பற்றவைத்தார்.

"இங்க புகைபிடிக்கக் கூடாதுன்னு போர்டு இருக்கே, கண்ணு தெரியலையா?"

"திறந்தவெளி சார். காத்து வாங்கத்தானே வந்தீங்க, வாங்குங்க."

அவ்வளவுதான், செயலாளருக்கு இருபது வயது குறைந்துவிட்டது. கூட்டம் கூடி இரண்டு கட்சியாகப் பிரிந்தது. மேலாளர் ஓடி வந்தார். நல்லவேளையாகக் கையில் இரண்டு மைக்கும் வைத்திருந்தார்.

"புகை விட உங்களுக்கு உரிமைன்னா, மூச்சு விட எங்களுக்கு உரிமை இல்லையா?" என்று செயலாளர் முழங்கியதும் கைதட்டலில் தளமே அதிர்ந்தது. சிகரெட்காரர் இருமியபடியே அதை அணைத்துவிட்டு, தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு போனார்.

"நான் மட்டும் இல்லேன்னா இந்தக் கப்பல் என்ன கதி ஆயிருக்கும்!" என்று மீதி மூன்று நாளும் மனைவியின் உயிரை எடுத்தார் செயலாளர்.

இறங்கும் நாளில் கருத்துப் படிவத்தைக் கொடுக்க மேலாளர் அறைக்குப் போனவர், வாசலிலேயே நின்றுவிட்டார். உள்ளே சிகரெட்காரர், கப்பல் ஊழியர்களின் சீருடையில்.

"சார், அடுத்த ட்ரிப்லயாவது என்னை எதிர்க்கட்சியில போடுங்க. பழக்கமில்லாத சிகரெட்டு, நெஞ்சு எரியுது."

"ஆட்டம் பாட்டத்துக்குக்கூட இவ்வளவு கூட்டம் வர்றதில்லப்பா, பொறுத்துக்க" என்று மேலாளர் சிரித்தார். "அந்தப் பக்கத்துக்கு நாம எதுக்கு ஆள் வைக்கணும்? ட்ரிப்புக்கு ஒருத்தர் தானா வந்து மாட்டுறாரே!"