கோடு இறங்கியபோது

குலதெய்வம் முனியப்பன் மேல் ஆணை. இதில் ஓர் எழுத்து பொய் என்றாலும் எனக்கு மறுபடி பல் முளைக்காமல் போகட்டும்.

அவள் மருந்து ஊசியைக் கருவிக்குள் அழுத்திவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

என் மருமகள்.

மருந்து ஆலையின் ஆய்வகம். புது டிடெக்டர். தனக்குள் ஓடும் மருந்து ஒளியை எந்தப் பக்கம் திருப்புகிறது என்று பார்த்துச் சொல்லும்.

ஒரே மருந்துக்கு இரண்டு வடிவம், வலது கையும் இடது கையும் போல. ஒன்று ஒளியை இடப்பக்கம் திருப்பும். அது வலியைத் தீர்க்கும். மற்றது வலப்பக்கம் திருப்பும். அது குடலைப் புரட்டும்.

இடம் என்றால், தாளில் கோடு போடும் அதன் பேனா கீழே இறங்கும். வலம் என்றால் மேலே ஏறும்.

எதிரே சரக்கு வாங்க வந்த ஜெர்மன்காரர். அவர் தலையசைத்தால் கப்பல். இல்லையென்றால், மழைக்காலம் முழுக்க அவள் உட்கார்ந்து பிரித்தெடுத்தது சாக்கடைக்கு.

பேனா அசைந்தது.

இறங்கியது.

மேலாளர் தணிகாசலத்துக்கு வியர்த்துவிட்டது. பழைய கருவியில் எதைப் போட்டாலும் கோடு மேலேதான் போகும். பூசணிக்காய் உடைத்த நாளில் கோடு இறங்கலாமா?

"ஏம்மா, நல்ல நாளும் அதுவுமா சறுக்குதே! பின்னாடி ஒயரை மாத்திக் குத்து. ஏறட்டும்."

"ஏறினா நாம விக்கிறது விஷம்னு அர்த்தம் சார். சித்த கம்முனு இருங்க."

அவர் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

பேனா இறங்கியது. தாள் முடிந்தது. பேனா முடியவில்லை.

மேசை விளிம்பில் இறங்கியது. மேசைக்காலில் இறங்கியது. தரையில் கோடு கிழித்துக்கொண்டே படியிறங்கி, கேன்டீனைத் தாண்டி, கேட்டுக்குப் போய்விட்டது. வாட்ச்மேன் காலைத் தூக்கி வழி விட்டார்.

ஜெர்மன்காரர் பூதக்கண்ணாடியோடு கோட்டின் பின்னாலேயே குனிந்து போனார். எங்காவது ஒரு கடுகளவு மேடு இருக்கிறதா என்று.

இல்லை.

சுத்தம் என்றால் அப்படி ஒரு சுத்தம்.

கேட்டருகே நிமிர்ந்தார். இடுப்பைப் பிடித்துக்கொண்டார். திரும்பி, மாடி ஜன்னலில் நின்ற அவளைப் பார்த்து, நம் ஊர் வழக்கப்படி தலைக்கு மேல் கையைக் கூப்பினார்.

அவள் லேசாகத் தலையசைத்தாள். அவ்வளவுதான். பெரிய மனுஷி.

அன்று காலையிலிருந்து சாயங்காலம் வரை நான் வீட்டில் அவளுடைய கைக்குழந்தைக்குத் தொட்டில் ஆட்டிக்கொண்டிருந்தேன்.